சுவிசேஷம் சொல்வது பற்றி மாமாக் கடை மேசையில் அடிக்கடி வரும் கேள்விகள்

எங்கள் சபையில் வாலிபர் கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம். கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். முடிந்து, மலேசியாவில் எங்கள் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்து தே தாரிக் (ஆற்றிய பால் டீ) வந்த பிறகுதான் "அங்கிள், ஒன்று கேட்கலாமா" என்று ஆரம்பிப்பார்கள். அதில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: அடுத்தவருக்கு இயேசுவைப் பற்றிச் சொல்வது. வருஷா வருஷம் பிள்ளைகள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை, அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் போதகர் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 22 வருஷம் ஷிப்டு வேலை பார்த்த டெக்னீஷியன். ஆகவே இதில் பாதி வேதம், பாதி என் அனுபவம்.

"பிரதான கட்டளை" என்கிறார்களே, அது வேதத்தில் எங்கே இருக்கிறது?

மத்தேயு 28, 18 முதல் 20 வரை. எல்லா மக்களையும் சீஷராக்குங்கள் என்று உயிர்த்தெழுந்த இயேசு கலிலேயாவில் ஒரு மலையில் பதினொரு சீஷர்களிடம் சொன்னது. லூக்கா 24, யோவான் 20, அப்போஸ்தலர் 1:8 ஆகிய இடங்களிலும் இதே அனுப்புதல் வேறு வார்த்தைகளில் வருகிறது. பேனரில் நம் ஆட்கள் போடுவது பெரும்பாலும் மாற்கு 16:15, "உலகமெங்கும் போய்". நல்ல வசனம்தான், ஆனால் மாற்குவின் அந்தக் கடைசிப் பகுதி மிகப் பழைய சில கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது, அதனால் நான் முதலில் மத்தேயுவைத்தான் திறக்கச் சொல்வேன்.

மத்தேயுவில் ஒரு சின்ன இலக்கண விஷயம் இருக்கிறது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த வாக்கியம் "புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி... ஞானஸ்நானங்கொடுத்து..." என்று நீண்டு "உபதேசம்பண்ணுங்கள்" என்பதில் முடிகிறது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தானே வரும். ஆனால் கிரேக்க மூலத்தில் கட்டளையாக நிற்கிற வினை "சீஷராக்குங்கள்" என்ற ஒன்றுதான். போவதும், ஞானஸ்நானம் கொடுப்பதும், கற்றுக்கொடுப்பதும் அதைச் சார்ந்து எச்சமாக வருகின்றன. இதை எனக்கு ஒரு பழைய போதகர் சொன்னபோது, 30 வயது வரைக்கும் நான் எச்சத்தையே முற்றாக நினைத்து ஓடிக்கொண்டிருந்தது புரிந்தது. கைப்பிரதி (சுவிசேஷத் துண்டுப் பிரசுரம்) கொடுக்க ஒரு நிமிஷம் போதும். ஒருவரைச் சீஷராக்க, அவரோடு வருஷக்கணக்கில் உட்கார வேண்டும், அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓட வேண்டும், அவர் நம்மிடம் உள்ள குறைகளைப் பார்த்துவிடுவார் என்ற பயத்தையும் விட வேண்டும்.

"சகல ஜாதிகளையும்" என்று போட்டிருக்கிறதே, சாதியா?

இல்லை. பழைய மொழிபெயர்ப்பில் ஜாதி என்றால் மக்களினம், தேசத்தார். கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து 1995ல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் "எல்லா மக்களினத்தாரையும்" என்று தெளிவாகவே இருக்கிறது.

ஆனால் இந்தக் கேள்வியைச் சும்மா விட எனக்கு மனசில்லை. சகல ஜாதிகளுக்கும் சுவிசேஷம் என்று ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டு, திங்கட்கிழமை பிள்ளைக்கு வரன் தேடும்போது "நம்ம ஆளுங்களா" என்று மெதுவாக விசாரிக்கிற வீடுகள் நம் சபைகளில் உண்டு. ஊரிலிருந்து கப்பலேறி வந்து நாலு தலைமுறை ஆன பிறகும் உண்டு. வெளியே இருக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களிடம் போய் "கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று" என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அது அந்தப் பதினொரு பேருக்குச் சொன்னது. நமக்கு ஏன்?

புதுக் கேள்வி இல்லை. இங்கிலாந்தில் செருப்புத் தைத்துக்கொண்டே பிரசங்கம் செய்த வில்லியம் கேரி என்பவர் 1792ல் ஒரு சிறு நூல் எழுதினார். அந்தக் காலத்துச் சபைக்காரர்கள் பலர் இதைத்தான் சொன்னார்கள், கட்டளை அப்போஸ்தலர்களோடு முடிந்தது என்று. கேரி கேட்டார்: அப்படியானால் அதே வாக்கியத்தில் உள்ள ஞானஸ்நானமும் அவர்களோடு முடிந்திருக்க வேண்டுமே, ஏன் இன்னும் கொடுக்கிறீர்கள்? "உலகத்தின் முடிவுபரியந்தம் உங்களோடிருக்கிறேன்" என்ற வாக்குத்தத்தம் மட்டும் உங்களுக்கு வேண்டும், அதற்கு முன்னால் உள்ள வேலை வேண்டாமா? அடுத்த வருஷமே அவர் வங்காளத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எனக்குப் பேச வராது. வசனமும் மனப்பாடமாகத் தெரியாது. என்ன செய்வது?

மாற்கு 5ஐப் படி. கல்லறைகளில் கத்திக்கொண்டு கிடந்த மனுஷன் சுகமானதும், உம்மோடுகூட வருகிறேன் என்று இயேசுவைக் கெஞ்சுகிறான். அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை. உன் வீட்டுக்குப் போ, கர்த்தர் உனக்குச் செய்ததை உன் இனத்தாருக்குச் சொல் என்று அனுப்பிவிடுகிறார். அவனுக்கு ஒரு நாள் வேதபாட வகுப்புக்கூட நடக்கவில்லை. யோவான் 4ல் சமாரியப் பெண்ணுக்கும் அப்படித்தான், குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடி "வந்து பாருங்கள்" என்றாள், அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்வதற்குப் பெயர்தான் சாட்சி. நடக்காததைச் சேர்த்துச் சொல்லாதே. சாட்சி நேரத்தில் சிலர் தங்கள் பழைய பாவத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்வதை நீயும் கேட்டிருப்பாய், நானும் கேட்டிருக்கிறேன்.

அப்படியானால் எதைச் சொல்ல வேண்டும்? சுவிசேஷம் என்றால் சரியாக என்ன?

1 கொரிந்தியர் 15, 3ம் 4ம் வசனங்கள்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். இதுதான் செய்தி. "இந்தக் கூட்டத்துக்கு வந்தால் கடன் தீரும், விசா கிடைக்கும்" என்பது இதில் எங்கேயும் இல்லை. கடவுள் கடன் தீர்க்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை விளம்பரமாகப் போட்டு ஆளைக் கூட்டி வந்துவிட்டு, கடன் தீராதபோது "உனக்கு விசுவாசம் பற்றாது" என்று அனுப்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப் போனவர் திரும்ப எந்தச் சபை வாசலையும் மிதிக்கவில்லை.

"காசு கொடுத்து மதம் மாற்றுகிற கும்பல்" என்று நண்பர்கள் கிண்டல் பண்ணுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

முதலில் கோபப்படாதே. எங்கேயும் அப்படி நடக்கவே இல்லை என்று சத்தியம் பண்ணவும் செய்யாதே, உனக்குத் தெரியாது. பரிசுத்த ஆவியின் வரத்தைக் காசுக்கு வாங்க வந்த சீமோனைப் பேதுரு என்ன திட்டுத் திட்டினார் என்று அப்போஸ்தலர் 8ல் பார். காசு கொடுத்து விசுவாசத்தை வாங்குவதும் அதே வியாபாரம்தான், வாங்குகிற பக்கம் மாறியிருக்கிறது, அவ்வளவே. மத்தேயு 23:15ல் இயேசுவே, ஒருவனைத் தங்கள் மார்க்கத்தானாக்கக் கடலையும் தரையையும் சுற்றித் திரிகிற ஆட்களைக் கண்டிக்கிறார். ஆள் சேர்ப்பது வேறு, சுவிசேஷம் வேறு.

நான் எனக்கே வைத்துக்கொண்ட சோதனை ஒன்று உண்டு. இந்த வீட்டுக்கு அரிசி, எண்ணெய், மைலோ எல்லாம் போட்டு ஒரு பை கொண்டு போகிறேன். இவர்கள் கடைசி வரை சபைக்கு வரவே மாட்டார்கள் என்று இப்போதே தெரிந்தால், அடுத்த மாதமும் கொண்டு போவேனா? இல்லை என்று மனசு சொன்னால் அந்தப் பை தூண்டில்தான்.

தைப்பூசத்தில் போய்க் கைப்பிரதி கொடுக்கலாமா?

நான் கொடுத்திருக்கிறேன். எனக்கு அப்போது 19 வயது. நாங்கள் நாலு பேர், ஆளுக்கு ஒரு கட்டு, தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் வரிசையாகத் தண்ணீர்ப் பந்தல்கள், உறுமி மேளம், காலுக்கடியில் உடைந்த தேங்காய். காவடி தூக்கிப் போகிற ஒருவரின் தம்பி கையில் ஒன்றைத் திணித்தேன், அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவன் அண்ணன் 48 நாள் விரதம் இருந்து, அலகு குத்தி, வெயிலில் ஒவ்வொரு அடியாக வைத்துக்கொண்டிருக்கிறான், நான் அந்த நேரத்தில் போய் நீட்டுகிறேன். அப்புறம் ஒரு பந்தலில் வயசான அம்மா ஒருவர், நான் என்ன கொடுக்கிறேன் என்று வாங்கிப் படித்துப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கிளாஸ் மோரைக் கையில் கொடுத்து, "வெயில்ல நிக்கிறியே தம்பி, சாப்டியா?" என்றார்.

அன்றைக்கு நான் மிச்சக் கட்டைக் கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரி மேல் வைத்துவிட்டேன். கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட நான் யார், என்னைவிடப் பெரியவர்கள் வேறு மாதிரி நினைக்கிறார்கள். என் கருத்து கேட்டால்: ஒருவர் தன் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் போய் இடிக்காதே. 1 பேதுரு 3:15 பதில் சொல்லச் சொல்வது கேட்கிறவர்களுக்கு, அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்.

மலாய்க்கார நண்பரிடம் சொல்லலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே மலாய்க்காரர் என்றால் சட்டப்படி முஸ்லிம். நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். அரசியலமைப்புச் சட்டத்தின் 3வது பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்கிறது, மற்ற சமயங்களை அமைதியாகப் பின்பற்றலாம் என்றும் சொல்கிறது. 11வது பிரிவு தன் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. ஆனால் அதே பிரிவின் 4வது உட்பிரிவு, முஸ்லிம்களிடையே வேறு சமயக் கொள்கையைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. பல மாநிலங்கள் அப்படிச் சட்டம் கொண்டுவந்திருக்கின்றன, சிலாங்கூரில் 1988ல் வந்தது. தண்டனை உண்டு. ஆகவே உன் வீரத்தால் உன் சபையையும் அந்த நண்பரையும் இக்கட்டில் மாட்டிவிடாதே.

பினாங்கில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ் பேசுகிறவர் எல்லோரும் ஒன்று என்ற நினைப்பில் நம் பிள்ளைகள் சிலர் தமிழ்க் கைப்பிரதியை யார் கையிலும் கொடுத்துவிடுகிறார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றித் தமிழ் முஸ்லிம்கள் இருக்கிறார்கள், நாம் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்தக் கடையின் பாயும் தமிழ்தான் பேசுகிறார். சட்டம் மொழியைப் பார்ப்பதில்லை.

அதற்காக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்லவில்லை. நல்ல பக்கத்து வீட்டுக்காரனாக இருப்பதற்கு எந்தத் தடையும் கிடையாது.

எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்துகிறோம். அங்கே வேதக் கதை சொல்லலாமா?

பெற்றோரிடம் கேட்டீர்களா? இதுதான் என் முதல் கேள்வி. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் சமயத்தைத் தீர்மானிப்பது பெற்றோர் அல்லது காப்பாளர் என்று அரசியலமைப்பின் 12வது பிரிவே சொல்கிறது. சட்டத்தை விடு, நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. கணக்குப் பாடத்துக்கு என்று நம்பி அனுப்பிய பிள்ளையிடம், அம்மாவுக்குத் தெரியாமல் ஜெபம் சொல்லிக்கொடுத்தால் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? நம் பிள்ளையை யாராவது அப்படிச் செய்தால் நாம் சும்மா இருப்போமா? டியூஷன் என்று போட்டால் டியூஷன் நடத்துங்கள். வேதக் கதை வேளை தனி, அதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லி, விருப்பம் உள்ளவர்கள் மட்டும் அனுப்பட்டும்.

அப்பா அம்மா இந்து. நான் மட்டும் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறேன். வீட்டில் எப்படிச் சொல்வது?

மெதுவாக. உனக்கு இது மூன்று வருஷம் யோசித்து எடுத்த முடிவு, அவர்களுக்கு அது ஒரு ராத்திரியில் வந்த செய்தி. 20 வருஷம் வளர்த்த பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டான் என்றுதான் அவர்கள் காதில் விழும். அதனால் உன் முதல் சாட்சி, நீ எங்கேயும் போகவில்லை என்று காட்டுவதுதான். முன்னைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வா. அம்மாவோடு சந்தைக்குப் போ. ஞானஸ்நானம் எடுத்த அடுத்த வாரமே சாமி அறையைக் காட்டிப் பிரசங்கம் பண்ணின ஒரு பையனை எனக்குத் தெரியும், அவன் அம்மா இன்றைக்கும் அவன் சபைப் பெயரைச் சொன்னால் உள்ளே எழுந்து போய்விடுவார்.

படையல், பிரசாதம் பற்றிக் கேட்பீர்கள். 1 கொரிந்தியர் 8ம் 10ம் அதிகாரங்களை முழுசாகப் படித்துவிட்டு உன் போதகரிடம் பேசு. வேண்டாம் என்று முடிவு செய்தால், சொல்கிற விதம் இருக்கிறது. தட்டைத் தள்ளாதே. "அம்மா, இது மட்டும் வேண்டாம்மா, நீங்க ஆக்கின சாம்பாரைப் போடுங்க" என்று உட்கார்ந்து இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடு.

பெரிய கேள்வி யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை: அப்பா போய்விட்டால், மூத்த மகன் நான், கொள்ளி வைப்பது யார்? இது சாவு வீட்டில் வைத்துப் பேசுகிற விஷயமே இல்லை. அப்பா நன்றாக இருக்கும்போதே, தம்பியிடமும் தாய்மாமனிடமும் உட்கார்ந்து பேசிவிடு: எனக்குச் சடங்கு செய்ய மனசாட்சி இடம் தராது, தம்பி செய்யட்டும், மற்ற எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அப்புறம் அந்த "மற்ற எல்லாம்" என்பதை உண்மையாகவே செய். ஆஸ்பத்திரியில் ராத்திரி தங்குவது, பில் கட்டுவது, போலீஸ் அறிக்கை, பதிவு, கூடாரம், வந்தவர்களுக்குச் சாப்பாடு, கடைசி வரை நின்று பாத்திரம் கழுவுவது. பாடைக்குத் தோள் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம் என்பது என் எண்ணம், பெற்றவரைச் சுமப்பது பிள்ளையின் கடமை. சில சபைகள் ஒத்துக்கொள்ளாது, உன் போதகரைக் கேட்டுக்கொள். ஆனால் ஒன்று, மூலையில் கைகட்டி நின்றுகொண்டு "நான் கிறிஸ்தவன்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த ஒரு நாளை உன் சொந்தக்காரர்கள் முப்பது வருஷம் பேசுவார்கள்.

மற்றவர்களுடைய சமயத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது தப்பா?

தப்பா? தமிழருக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவர்களில் பெரியவரே அதைத்தான் செய்தார். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9ல், அப்போது டென்மார்க் கையில் இருந்த தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைச் சேகரித்தார், தமிழர்களுக்குக் கடிதம் எழுதி அவர்கள் நம்பிக்கை என்ன என்று கேட்டுப் பதில்களை வாங்கினார். அங்கிருந்த டேனிஷ் அதிகாரியே அவரைச் சில மாதம் சிறையில் போட்டார், அதாவது கிறிஸ்தவ அரசாங்கமே அவரைப் பிடித்து உள்ளே வைத்தது. 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713ல் ஒரு பெரிய நூலே எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார், அங்கே ஹாலே நகரில் இருந்த மிஷன் தலைவர்கள் அதை அச்சுப் போடவில்லை. அது வெளிவந்தது 1867ல், சென்னையில். அவர் செத்து ஏறக்குறைய 150 வருஷம் கழித்து!

நாம் கந்தசஷ்டி எதற்கு என்றுகூடக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு.

"பூமியின் கடைசிபரியந்தம்" என்றால் ஆப்பிரிக்காவுக்குப் போகணுமா?

கூப்பிட்டால் போ. ஆனால் அந்த வசனம் (அப்போஸ்தலர் 1:8) எருசலேமில்தான் ஆரம்பிக்கிறது, அப்புறம் யூதேயா. நமக்கு எருசலேம் ஆயர் ஈத்தாம். பட்டர்வொர்த்தும் புக்கிட் மெர்தாஜாமும் யூதேயா என்று வைத்துக்கொள், பாலம் தாண்டினால் போதும்.

கடைசிபரியந்தமோ இங்கேயே வந்து இறங்கியிருக்கிறது. லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடையில் இலை எடுக்கிற தம்பி தஞ்சாவூரோ ராமநாதபுரமோ, முடிவெட்டுகிற கடையிலும் அப்படித்தான், தொழிற்சாலை விடுதிகளில் நேப்பாளப் பையன்கள். ஊரில் பிறந்த குழந்தையை இன்னும் போனில் மட்டும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு வாருங்கள் என்று கூப்பிடுவதில் அர்த்தமே இல்லை, அன்றைக்குத்தான் கடையில் கூட்டம். ராத்திரி கடை மூடிய பிறகு போ. சாப்பிட்டார்களா என்று கேள், ஊருக்குப் பேசினார்களா என்று கேள். எங்கள் சபையில் ஒரு ஆண்ட்டி அவர்களுக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுப்பதில் ஆரம்பித்தார், இப்போது மாதம் ஒரு ராத்திரி 11 மணிக்கு அவர் வீட்டில் ஒரு கூட்டமே நடக்கிறது. ஜெபத்துக்கு வருகிறவர்கள் பாதி, ரசத்துக்கு வருகிறவர்கள் பாதி.

வாட்ஸ்அப்பில் தினமும் வசனம் அனுப்புவது ஊழியம்தானே?

பூப் படத்தோடு "காலை வணக்கம்" வசனமா? நானே பார்க்காமல் அழிக்கிறேன். அனுப்புவதற்குப் பதில் ஒரு போன் போடு.

எனக்கே சில சந்தேகங்கள் இருக்கின்றன. நான் எப்படி மற்றவருக்குச் சொல்வது?

மத்தேயு 28ல் எல்லோரும் 19ம் வசனத்துக்குத் தாவிவிடுகிறார்கள். 17ம் வசனத்தைப் பார். அந்த மலையில் அவரைப் பணிந்துகொண்டார்கள், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்". சந்தேகப்பட்டவர்களைத் தனியே நிறுத்திவிட்டு மற்றவர்களிடம் மட்டும் கட்டளை கொடுத்ததாக எழுதியில்லை. யாராவது கேள்வி கேட்டு உனக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல். நேர்மையாகச் சொல்கிறவனை நம் ஊர் மதிக்கும்.

வருஷக்கணக்காகச் சொல்லியும் கேட்கவில்லை. விட்டுவிடலாமா?

எதை விடுவது? சொல்வதையா, நட்பையா? மாற்கு 10ல் பணக்காரன் ஒருவன் துக்கத்தோடு திரும்பிப் போகிறான். இயேசு அவனை அன்போடு பார்த்தார் என்று எழுதியிருக்கிறது, பின்னாலேயே ஓடி நிபந்தனையைக் குறைத்தார் என்று இல்லை. 1 கொரிந்தியர் 3ல் பவுல் நட்டேன் என்கிறார், சக ஊழியக்காரன் அப்பொல்லோ நீர் பாய்ச்சினான் என்கிறார், விளையச் செய்தது தேவன் என்கிறார். விளைச்சல் நம் கணக்கில் வராது.

தொழிற்சாலையில் என்னோடு 11 வருஷம் ராத்திரி ஷிப்டு பார்த்த ஒருவர் இருக்கிறார், முருக பக்தர். ஆரம்பத்தில் நான் அவரிடம் நிறையப் பேசியிருக்கிறேன், தேவைக்கு அதிகமாகவே. ஒரு நாள் அவரே, "அண்ணே, உங்க சாமி நல்ல சாமிதான், கொஞ்சம் மெஷினைப் பார்க்கிறீங்களா" என்றார். அதற்குப் பிறகு நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். சில வருஷம் கழித்து அவர் மனைவியை அவசரப் பிரிவில் சேர்த்திருந்தபோது விடியற்காலை 3 மணிக்குப் போன் வந்தது. "அண்ணே, நீங்க ஜெபம் பண்ணுவீங்களே, இப்ப பண்ணுங்க." போனிலேயே பண்ணினேன், அழுகையில் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அந்த அக்கா பிழைத்து வந்துவிட்டார். நண்பர் இன்னும் சபைக்கு வந்ததில்லை, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறார். தீபாவளிக்கு அவர் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு, கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் அவர்களுக்கு. போன கிறிஸ்துமஸில் சாப்பிட்டு முடித்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "அண்ணே, அந்த ராத்திரி போன்ல என்னமோ சொன்னீங்களே, அது புஸ்தகத்துல இருக்கா, இல்ல நீங்களா சொன்னதா?" உள்ளே போய் வேதாகமத்தை எடுத்து வந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்.